அம்மாவுக்கு ஈ.சி.ரி. செய்யவேண்டும் என்கிறார்கள், மூளைக்கு என்ன நடக்கும்?

அராலி_மகள் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். அம்மாவுக்கு வயது 64. தை மாதத்தில் இருந்து ஆள் சரியில்லை. முதலில் நித்திரை குறைந்தது, பிறகு சமையலை விட்டார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை விட்டார், இப்போது இரண்டு வாய் கஞ்சி பருக்குவதற்கே அரை மணித்தியாலம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. குடல் அழுகிப்போயிற்று, சாப்பாடு இறங்காது, தான் செய்த பாவத்தால் பேரப்பிள்ளைகள் அழியப்போகிறார்கள் என்று திரும்பத் திரும்ப இதையே சொல்கிறார். அம்மா யாருக்கும் ஒரு பாவமும் செய்தவர் இல்லை.

இரண்டு வகைக் குளுசைகள் முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்று, மூன்றாவதும் கூடச் சேர்த்தார்கள். இப்போது வாட்டில் மறித்து வைத்திருக்கிறார்கள். டொக்டர் ஈ.சி.ரி., அதாவது தலைக்குக் கறண்ட் கொடுத்து வலிப்பு வரவழைக்கிற சிகிச்சை, செய்வதுதான் நல்லது என்று சொல்லி ஒப்பம் கேட்கிறார். கனடாவில் இருக்கிற அண்ணா போனில் கத்துகிறார், அம்மாவின் தலைக்குக் கறண்ட் கொடுக்க விடமாட்டேன் என்று. சின்னம்மா சந்நிதியில் கொண்டுபோய் நாற்பது நாள் இருத்துவோம் என்கிறார். எனக்கு ஒப்பம் வைக்கவும் பயம், வைக்காமல் விடவும் பயம்.

இது மூளைக்குள் போய் உண்மையில் என்ன செய்கிறது, எங்களை எல்லாம் மறந்துபோவாரா, செய்தால் திரும்பிச் சாப்பிடுவாரா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

கொக்குவிலான் எழுதியது:

தங்கச்சி, ஒப்பம் வைக்காதீர்கள். எங்கள் பெரியப்பாவுக்கு எழுபதுகளில் தெற்கே ஒரு ஆஸ்பத்திரியில் செய்தார்கள். மயக்க மருந்து கிடையாது, நாலு பேர் கையையும் காலையும் அமத்திப் பிடிக்க, வாய்க்குள் துணியை அடைத்து, விழித்துக்கொண்டிருக்கிற மனிசனுக்குக் கறண்ட் கொடுத்தார்கள். முதுகெலும்பில் வெடிப்பு வந்து கடைசிவரை கூனித்தான் நடந்தார். கதவுக்கு வெளியே நின்ற பெரியம்மா அந்தச் சத்தத்தைச் சாகும்வரை சொல்லிச் சொல்லி அழுதவர். மூளையில் கறண்ட் பாய்ச்சினால் மூளை கருகாமல் என்ன செய்யும்? அடங்கிப்போகிறார்கள், அதைச் சுகம் என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் எந்த நம்பிக்கையும் இல்லை.

வாட்டு_மிஸ் எழுதியது:

தம்பி கொக்குவிலான், உங்கள் பெரியப்பாவுக்கு நடந்ததை நான் நம்புகிறேன். அந்தக் காலத்தில் பல நாடுகளிலும் அப்படித்தான் செய்தார்கள், செய்திருக்கவே கூடாது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் செய்வதை இந்தியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு இன்றைக்குச் சாப்பிடாமல் கிடக்கிற ஒரு தாயின் சிகிச்சையை மறிக்காதீர்கள். நான் மனநல வாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள், இந்த அறைக்குள் எத்தனையோ காலைகள் நின்றவள், அதனால் கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

பிள்ளை, முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. காலையில் கையில் ஊசி போட்டு புரோபோபோல் அல்லது தயோபென்ரோன் கொடுப்பார்கள், சில நொடிகளில் நித்திரை. அதற்குப் பிறகுதான் சக்சமெத்தோனியம் என்கிற தசை தளர்த்தும் மருந்து. அது போகுமுன் ஒரு கால் கணுக்காலில் பிரசர் பார்க்கிற பட்டியைக் கட்டி இறுக்கிவிடுவோம், அந்தப் பாதத்துக்கு மட்டும் மருந்து போகாது. ஏன் தெரியுமா? மூளைக்குள் வலிப்பு வருகிறதா என்று அந்தப் பாதம் துடிப்பதை வைத்துத்தான் பார்ப்பது. கூடவே நெற்றியில் ஒட்டிய வயர் வழியாக, மூளையின் மின்னலைகளைக் காட்டுகிற ஈ.ஈ.ஜி. ஓடும். பல்லுக்கு இடையில் இறப்பர்க் கட்டை, முகத்தில் ஒட்சிசன். கறண்ட் போவது ஒரு சில செக்கன், கூடினால் எட்டு. வலிப்பு பெரும்பாலும் இருபது செக்கனில் இருந்து ஒரு நிமிசத்துக்குள் தானாக நின்றுவிடும். வெளியில் இருந்து பார்த்தால் தாடை இறுகும், அந்த ஒரு பாதம் ஆடும், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து நிமிசத்தில் கண் திறப்பார்கள். கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று விளங்காது, தலையிடி இருக்கும், சிலருக்கு உடம்பு நோகும், பிறகு பசிக்குது என்பார்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று, மொத்தம் ஆறில் இருந்து பன்னிரண்டு வரை போகும்.

இன்னொன்று, இதை எங்கள் ஊர்ச் சனம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வருத்தம் முற்றிய நேரத்தில் பூச்சிமருந்து குடித்துத் தப்பி வந்தவர்கள் இருப்பார்கள். மானம் போகும் என்று வீட்டுக்காரர் அதை மறைப்பார்கள். மறைக்கவே கூடாது. சில பூச்சிமருந்துகள் உடம்பில் கெடுக்கிற நொதிகளில் ஒன்றுதான் சக்சமெத்தோனியத்தை உடைப்பதும். அது குறைந்திருக்கிற நேரம் அந்த மருந்து கொடுத்தால் ஒரு சில நிமிசத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. மயக்க மருந்து டொக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழி செய்வார். உங்கள் அம்மாவுக்கு அப்படி ஏதும் இல்லாமல் இருக்கலாம், வாசிக்கிற மற்றவர்களுக்காக எழுதினேன்.

அராலி_மகள் எழுதியது:

மிஸ், மிக்க நன்றி. அம்மா அப்படி எதுவும் செய்யவில்லை, ஆனால் "என்னை விட்டால் போய்விடுவேன்" என்று இரண்டு தரம் சொன்னார். அதனால்தான் வாட்டில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. அண்ணா கேட்பதும் அதைத்தான். வலிப்பு என்றால் நோய். நோயை வரவழைத்து நோயை எப்படி மாற்றுவது?

நல்லூர்_வைத்தியர் எழுதியது:

அண்ணா கேட்பது சரியான கேள்வி, கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் மனநல மருத்துவம் படித்தவன், உங்கள் அம்மாவைப் பார்க்கிற டொக்டர் நான் இல்லை, அதனால் பொதுவாக எழுதுகிறேன்.

மருந்தாக வேலை செய்வது வலிப்பு. கறண்ட் அதை வரவழைக்கிற வழி மட்டும்தான். 1934இல் புடாபெஸ்டில் மெடுனா என்கிற மருத்துவர் கற்பூரத்தை ஊசியால் ஏற்றி வலிப்பு வரவழைத்துத்தான் இதைத் தொடங்கினார், கறண்டே இல்லை. ஊசி போட்டதற்கும் வலிப்பு வருவதற்கும் இடையில் நோயாளி படும் பயம் தாங்க முடியாததாக இருந்தது. 1938இல் ரோமில் செர்லெற்றியும் பினியும் அதே வலிப்பை மின்சாரத்தால் உடனே கொண்டுவந்தார்கள். கருகுவது என்ற பேச்சுக்கே இடமில்லை: இப்போதைய இயந்திரம் கொடுப்பது ஒரு அம்பியருக்கும் குறைந்த மின்னோட்டம், அதுவும் ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெக்கன் அளவில் விட்டு விட்டுப் போகிற துடிப்புகள், அதிலும் பெரும்பகுதி தலைத்தோலோடும் மண்டையோட்டோடும் நின்றுவிடும். சிகிச்சைக்குப் பிறகு மூளைப் படங்களிலும், மூளைக்கலங்கள் சிதைந்தால் இரத்தத்தில் கூடும் பொருட்களிலும் தேடிப் பார்த்தார்கள், சேதத்தின் அடையாளம் கிடைக்கவில்லை.

சரி, வலிப்பு என்ன செய்கிறது? ஒரு வலிப்பு தொடங்கினால் அதை நிறுத்துவதும் மூளைதான். காபா என்கிற அடக்கும் இரசாயனத்தைக் கொண்டு தன்னைத் தானே அமத்துகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படி நிறுத்தப் பழகும்போது அந்த அடக்கும் சக்தி கூடுகிறது. இதற்கு நேரடி அடையாளம், சிகிச்சை போகப் போக அதே ஆளுக்கு வலிப்பு வரவழைக்கக் கூடுதல் கறண்ட் தேவைப்படுகிறது. இந்த அடக்கும் சக்திதான் மனச்சோர்வையும் இறக்குகிறது என்பது பலமான ஒரு விளக்கம்.

2012இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஒன்பது பேரை ஈ.சி.ரி.க்கு முன்னும் பின்னும் மூளைப்படம் எடுத்துப் பார்த்தார்கள். கடும் மனச்சோர்வில், நெற்றிக்குப் பின்னால் இடது பக்கம் உள்ள பகுதி மூளையின் மற்ற இடங்களோடு அளவுக்கு மிஞ்சித் தொடுப்பில் இருந்தது, சிகிச்சைக்குப் பிறகு அந்தத் தொடுப்பு தணிந்திருந்தது. திருவிழாக் காலத்தில் நாலு கோயில் ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தில் அலறினால் வீட்டுக்குள் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்காதல்லவா, உங்கள் அம்மாவின் தலைக்குள் பாவம், அழிவு என்ற சத்தம் அப்படித்தான் மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கிடக்கிறது. ஒன்பது பேர் சின்னத் தொகை, இதை முடிந்த முடிவாக எடுக்கக் கூடாது.

அடுத்தது வளர்ச்சி. எலிகளுக்கு இப்படி வலிப்பு வரவழைத்தால் ஹிப்போகம்பஸ் என்கிற நினைவுப் பகுதியில் புதிய நரம்புக்கலங்கள் பிறக்கின்றன, கலங்களை வளர்க்கும் பி.டி.என்.எஃப். என்ற புரதமும் கூடுகிறது. மனிதர்களில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அதே ஹிப்போகம்பஸ் சிகிச்சைக்குப் பிறகு கொஞ்சம் பெருத்திருக்கிறது. இதைக் காட்டி "பாருங்கள், மூளை வளர்கிறது, அதுதான் குணம்" என்று சிலர் எழுதுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஏனென்றால் கூடுதலாகப் பெருத்தவர்கள் கூடுதலாகச் சுகமாவதில்லை. வளர்ச்சி நடக்கிறது, ஆனால் சுகத்துக்குக் காரணம் அது மட்டும்தான் என்று சொல்ல ஆதாரம் போதாது.

வலிப்பு வந்தால் மட்டும் போதும் என்பதும் பிழை. 1993இல் நியூயோர்க்கில் வந்த ஒரு ஆய்வில், வலது பக்கத்தில் மட்டும், வலிப்பு வரக்கூடிய மிகக் குறைந்த அளவில் கொடுத்தவர்களுக்கும் முழு வலிப்பு வந்தது, ஆனால் முன்னேறியவர்கள் 17 சதவீதம்தான். இரண்டு பக்கமும் கொடுத்தவர்களில் 65 சதவீதம். அதாவது வலிப்பு மூளையின் எந்த இடத்தில், எவ்வளவு வலுவாகத் தொடங்குகிறது என்பது முக்கியம். இன்றைக்கு வலது பக்கத்தில் கொடுக்கும்போது அந்த ஆளுக்கு வலிப்பு வரக்கூடிய மிகக் குறைந்த அளவைப் போல ஐந்தாறு மடங்கு வைப்பதற்குக் காரணம் இதுதான்.

கொக்குவிலானுக்கு ஒன்று. "அடங்கிப்போகிறார்கள்" என்றீர்கள். 1980இல் லண்டன் நோர்த்விக் பார்க் மருத்துவமனையில் இதைத்தான் சோதித்தார்கள். எல்லோருக்கும் மயக்க மருந்து, ஆனால் ஒரு பகுதியினருக்கு மட்டும் கறண்ட், யாருக்கு எது என்று மதிப்பிட்டவர்களுக்குத் தெரியாது. கறண்ட் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள், அதிலும் குடல் அழுகிவிட்டது, பாவம் செய்துவிட்டேன் என்ற வகை மாயநம்பிக்கை இருந்தவர்களில்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. 2001இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில், மாயநம்பிக்கை உள்ளவர்கள் 95 சதவீதமும் இல்லாதவர்கள் 83 சதவீதமும் நோய்க்குறிகள் நீங்கித் தேறியிருந்தார்கள். மனநல மருத்துவத்தில் இப்படியான இலக்கங்களை நான் வேறு எங்கும் அதிகம் காண்பதில்லை. வயது கூடியவர்களுக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பதும் உண்மை.

எதற்கு இது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் அழுகைக்கு, காணாமல் போனவரைத் தேடுகிற மனைவியின் நித்திரையின்மைக்கு ஈ.சி.ரி. மருந்தல்ல. அது துயரம், அதற்கு வேண்டியது வேறு. அந்தத் துயரத்துக்கு மேலே, சாப்பாடும் பேச்சும் நின்று ஆளே உறைந்துபோகிற நோய் வந்து ஏறினால்தான் நாங்கள் இதைப் பற்றிக் கதைப்பது.

வடமராட்சி_ரீச்சர் எழுதியது:

டொக்டர் நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் நினைவைப் பற்றி அவர் தொடவில்லை. எனக்குச் செய்தவர்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வந்தது. பிள்ளையைத் தூக்க மாட்டேன், கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நாலாவது ஈ.சி.ரி.க்குப் பிறகு என்று சொல்கிறார்கள், நானாகவே பிள்ளையைத் தா என்று கேட்டேனாம். "கேட்டேனாம்" என்றுதான் எழுத முடியும், எனக்கு அது ஞாபகம் இல்லை. அந்த மாதமும் அதற்கு முந்திய மாதங்களில் பெரும்பகுதியும் எனக்கு இல்லை. பிள்ளையின் பெயர் வைத்த நாள் படத்தில் இருக்கிறது, மனதில் இல்லை. மற்றபடி பாடம் படிப்பிக்க முடிகிறது, புதிதாகப் படித்தால் நிற்கிறது, வீட்டுக்கணக்கு, பாட்டு எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அந்தத் துண்டு திரும்பவில்லை.

எனக்குக் கோபம் சிகிச்சையில் இல்லை. இப்படி ஆகலாம் என்று எனக்கும் அவருக்கும் ஒருவரும் முன்னரே சொல்லவில்லை, அதில்தான் கோபம். பிறகு கேட்டபோது "எல்லாம் வந்துவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். தங்கச்சி, நீங்கள் டொக்டரிடம் கேளுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள், பதில் சொல்லாமல் கிடந்தாலும் அருகில் இருந்து சொல்லுங்கள், இன்ன செய்யப்போகிறார்கள், இன்னதற்காக என்று. நான் சுவரைப் பார்த்துக் கிடந்தபோதும் எனக்குக் காது கேட்டது.

இன்னொரு தரம் வந்தால் செய்வீர்களா என்று என்னைக் கேட்டால், செய்வேன். மகளுக்கு இப்போது என் உயரம்.

நல்லூர்_வைத்தியர் எழுதியது:

ரீச்சர் எழுதியதை நான் மறுக்கமாட்டேன், எங்கள் தொழிலில் இதைப் பூசி மெழுகியவர்கள் நிறையப் பேர்.

நினைவில் இரண்டு இருக்கிறது. புதிதாக ஒன்றைப் பதிகிற திறன், கவனம், யோசிக்கும் வேகம், இவை சிகிச்சை நடக்கிற நாட்களில் மந்தமாகும். 2010இல் 84 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த மந்தம் கடைசிச் சிகிச்சைக்குப் பிறகு சில நாட்களில் விலகி, இரண்டு கிழமைக்குப் பிறகு பலவற்றில் முன்னையதை விட நன்றாகவே இருந்தது, ஏனென்றால் மனச்சோர்வே மூளையை மந்தமாக்கும் நோய். மற்றது ரீச்சருக்கு நடந்தது, சிகிச்சைக்கு அண்மித்த காலத்துச் சொந்த நினைவுகள் போவது. அந்த 84 ஆய்வுகளின் கணக்கில் இது வராது. 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் நோயாளிகளிடமே கேட்டவற்றைத் தொகுத்தபோது, மூன்றில் ஒரு பங்கினராவது நீடித்த நினைவிழப்பைச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளையோ வீட்டையோ மறந்துபோவது இதில் வராது, அராலி மகள் அதற்குப் பயப்பட வேண்டாம்.

வலது பக்கத்தில் மட்டும் கொடுப்பது, துடிப்பின் நீளத்தைக் குறைப்பது, வாரத்துக்கு மூன்றை இரண்டாக்குவது, இவை மூன்றும் நினைவுப் பாதிப்பைக் குறைக்கும். ஆனால் சாப்பாடே இறங்காத ஆளுக்கு வேகம் தேவை, அதனால் சிலவேளை இரண்டு பக்கமும் கொடுப்பார்கள். உங்கள் டொக்டரிடம் எந்தப் பக்கம், ஏன் என்று நேரடியாகக் கேளுங்கள். உயிராபத்து ஒரு லட்சம் சிகிச்சைக்கு இரண்டு அளவில், பெரும்பாலும் இதயத்தால், அதனால்தான் ஈ.சி.ஜி. எடுப்பது.

ஸ்காபரோ_தம்பி எழுதியது:

இதை வாசித்துக்கொண்டு வருகிறேன், நான் அந்த அண்ணா இல்லை, ஆனால் என் நிலைமையும் அதுதான், தூர இருந்து பயப்படுவது. இங்கே கெற்றமின் என்கிற மயக்க மருந்தை மனச்சோர்வுக்குக் கொடுக்கிறார்கள், 2023இல் பெரிய ஆய்வு வந்தது, ஈ.சி.ரி.யை விடக் குறைவில்லை என்று. நினைவும் போகாதாம். பிறகு ஏன் அந்த வயதான அம்மாவுக்கு வலிப்பு?

நல்லூர்_வைத்தியர் எழுதியது:

நல்ல ஆய்வுதான். கெற்றமின் பெற்றவர்களில் 55 சதவீதம், ஈ.சி.ரி. பெற்றவர்களில் 41 சதவீதம் முன்னேறினார்கள். ஆனால் மாயநம்பிக்கை உள்ள நோயாளிகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அராலி மகளின் அம்மா அதில் நுழைந்தே இருக்க முடியாது. சுவீடனில் செய்த இன்னொன்றில் வாட்டில் இருந்த நோயாளிகள், அதில் ஈ.சி.ரி.தான் முன்னுக்கு நின்றது. மாயநம்பிக்கை இல்லாத, நடந்து கிளினிக்குக்கு வரக்கூடிய ஆளுக்கு நானும் கெற்றமினை யோசிப்பேன்.

இதைவிட முக்கியமான ஒன்று கேட்கப்படாமல் போகிறது. சுகம் வந்த பிறகு என்ன? 2001இல் வந்த ஆய்வொன்றில், ஈ.சி.ரி.யால் தேறியவர்களுக்கு வெறும் சீனிக்குளுசை கொடுத்தபோது 24 கிழமைக்குள் 84 சதவீதம் திரும்ப விழுந்தார்கள். ஒரு மனச்சோர்வு மருந்தோடு 60, அதோடு லித்தியம் என்கிற மருந்தும் சேர்த்தால் 39. ஆள் எழும்பிச் சாப்பிடத் தொடங்கியதும் "சுகம்தானே" என்று கிளினிக்கை விட்டுவிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம், தீவுப் பக்கத்தில் இருந்து பஸ் ஏறி வருகிறவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் ஆறு மாதம் ஒரு கிளினிக்கும் தப்பக் கூடாது.

கொக்குவிலான் எழுதியது:

டொக்டர், மிஸ், பொறுமையாக எழுதியதற்கு நன்றி. பெரியப்பாவை நினைத்தால் இன்னும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவருக்குச் செய்ததும் இதுவும் ஒன்றில்லை என்று விளங்குகிறது. தங்கச்சி, நான் மறித்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அராலி_மகள் எழுதியது:

இதையெல்லாம் அண்ணாவுக்கு அனுப்பினேன். நேற்று இரவு டொக்டரோடு போனில் கதைத்தார், வலது பக்கத்தில்தான் தொடங்குவதாகச் சொன்னாராம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரீச்சர் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். பதில் இல்லை, ஆனால் கையை இழுக்கவில்லை. ஒப்பம் வைத்துவிட்டேன், செவ்வாய்க்கிழமை முதலாவது. சின்னம்மா சந்நிதிக்கு நேர்த்தி வைக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

மிஸ், முதல் நாள் நான் என்னென்ன பார்க்க வேண்டும்? அம்மாவுக்குப் பிரசர் குளுசை இருக்கிறது, நித்திரைக்கும் ஒன்று கொடுக்கிறார்கள்.

வாட்டு_மிஸ் எழுதியது:

நல்லது பிள்ளை. முதலில் தலை. எங்கள் அம்மாமாருக்கு எண்ணெய் வைக்காமல் விட மனம் வராது, ஆனால் திங்கட்கிழமை நன்றாக முழுக வார்த்து, பிறகு ஒரு சொட்டு எண்ணெயும் வைக்காதீர்கள். எண்ணெய் இருந்தால் தலையில் வைக்கிற தட்டு சரியாகப் பிடிக்காது. கட்டுப்பல் இருந்தால் கழற்ற வேண்டும், ஆடுகிற பல் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தோடு, சங்கிலி எல்லாம் வீட்டில் வையுங்கள்.

பிரசர் குளுசையைக் காலையில் ஒரு மிடறு தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள், ஆனால் மயக்க மருந்து டொக்டர் சொன்னால் மட்டும். நித்திரைக் குளுசையைப் பற்றி அவசியம் கேளுங்கள், அதில் சில வகை வலிப்பை வரவிடாமல் தடுக்கும், அதனால் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுபோங்கள், கண் திறந்து நன்றாகத் தெளிந்து, விழுங்க முடியும் என்று மிஸ்மார் சொன்ன பிறகு கொடுக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு, இதை வாசிக்கிற எவருக்கும், உயிரை விடுகிற கதை வந்தால் எந்த நேரமும் இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். ஆள் தனிய இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.